சொல்லியும் கேட்காத காக்பிட்: யுனைடெட் ஏர்லைன்ஸ் பயிற்சி பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

1978 டிசம்பர் 28 அன்று மாலை, அமெரிக்காவின் போர்ட்லேண்ட் நகரத்தின் புறநகர்ப் பகுதியில் ஒரு பயணிகள் விமானம் எரிபொருள் தீர்ந்து விழுந்தது. யுனைடெட் ஏர்லைன்ஸின் 173ஆம் எண் விமானம், டிசி-8 ரகம். உள்ளே இருந்தது 189 பேர். அவர்களில் 10 பேர் இறந்தார்கள். டாங்கில் எரிய ஒன்றும் மிச்சமில்லாததால் தீப்பிடிக்கவில்லை. மற்றவர்கள் பிழைத்ததற்கு அது ஒரு பெரிய காரணம்.

நான்கு இன்ஜின்களிலும் கோளாறு இல்லை. வானிலை நன்றாக இருந்தது. ஓடுபாதை கூப்பிடு தூரத்தில். காக்பிட்டில், அதாவது விமானிகள் அறையில், அனுபவம் உள்ள மூன்று பேர்: கேப்டன், துணை விமானி, எரிபொருளையும் கருவிகளையும் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர். எரிபொருள் பற்றிய பேச்சும் அங்கே ஒருமுறை இரண்டுமுறை அல்ல, பலமுறை வந்தது. அப்புறமும் விமானம் விழுந்தது.

பேசுவது, கேட்பது பற்றிய பயிற்சிகளால் வேலையிடத்து உறவுகள் நிஜமாகவே மாறுமா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்த விமானமும், இதற்குப் பிறகு அந்த நிறுவனம் செய்ததும்தான். காக்பிட்டும் ஓர் அலுவலகம். மேலதிகாரி உண்டு, கீழே வேலை பார்ப்பவர் உண்டு, சீனியாரிட்டி உண்டு, கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயம் உண்டு. வேறு அலுவலகங்களில் இல்லாத ஒரு வசதியும் அங்கே உண்டு: எல்லாப் பேச்சும் பதிவாகிறது. மனிதவளத் துறையினர் கருத்துக்கணிப்புப் படிவம் கொடுத்து ஊகிக்கிற விஷயத்தை இங்கே வரி வரியாகப் படிக்கலாம்.

அந்த ஒரு மணி நேரம்

இறங்குவதற்காகச் சக்கரங்களைக் கீழே விட்டபோது பலத்த சத்தம் கேட்டது, விமானம் ஒரு பக்கமாக இழுத்தது. வலது சக்கரத்தை ஏற்றி இறக்கும் உருளையின் தண்டு அரித்துப்போய் உடைந்திருந்தது. அதனால் சக்கரம் மெதுவாக இறங்காமல் தொப்பென்று விழுந்தது. எல்லாச் சக்கரங்களும் பூட்டிக்கொண்டன என்று காட்ட வேண்டிய விளக்குகள் முழுதாக எரியவில்லை. அதனால் கேப்டன் உடனே இறங்காமல் சுமார் 5,000 அடி உயரத்தில் வட்டமடிக்க முடிவு செய்தார். சக்கரம் மடங்கிவிட்டால் பயணிகள் எப்படி வெளியேறுவது, பணிப்பெண்கள் தயாராக எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒவ்வொன்றாக யோசித்தார். அந்த முடிவில் தப்பு சொல்ல முடியாது. அந்த யோசனைக்கு முடிவு இல்லாமல் போனதுதான் தப்பு.

மாலை 5:50 வாக்கில் நடந்த ஓர் உரையாடலைப் பாருங்கள். இன்னும் 15 நிமிடம் கழித்து இறங்கினால் விமானத்தின் எடை எவ்வளவு இருக்கும் என்று கணக்குப் போட்டுத் தரும்படி கேப்டன் இன்ஜினியரிடம் கேட்கிறார். துணை விமானி '15 நிமிடமா?' என்று கேள்வியாகவே திருப்பிச் சொல்கிறார். கேப்டன் ஆமாம் என்கிறார். இன்ஜினியர், அவ்வளவு போதாது, 15 நிமிடம் என்றால் எரிபொருள் ரொம்பவே குறைந்துவிடும் என்கிறார். அப்போது டாங்கில் இருந்தது சுமார் 5,000 பவுண்டு.

எச்சரிக்கை தெளிவாகவே இருந்தது. அடுத்து என்ன நடந்தது? அதே இன்ஜினியர், சரி, 3,000 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்ட கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டார். பேச்சு வேறு விஷயத்துக்குப் போய்விட்டது. 'முடியாது சார்' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அடுத்த நிமிடமே அந்த வேலையை முடித்து மேசையில் வைக்கும் ஊழியரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலதிகாரியின் மனதில் நிற்பது அந்த முதல் வார்த்தை இல்லை, மேசைமேல் இருக்கும் காகிதம்தான்.

6 மணிக்குச் சற்று முன் 4,000 பவுண்டு. 6:02க்கு மூவாயிரம், அவ்வளவுதான் என்று இன்ஜினியர் சொல்கிறார். 6:06க்கு ஓர் இன்ஜின் நிற்கப் போகிறது என்று துணை விமானி சொன்னதும் கேப்டன் கேட்ட கேள்வி: ஏன்? பதில் வருவதற்குள் மறுபடியும் ஏன் என்கிறார். எரிபொருள் என்கிறார் துணை விமானி. அவ்வளவு நேரமாக அந்த அறையில் சுற்றிக்கொண்டிருந்த செய்தி அவர் மனதில் அப்போதுதான் இறங்கியது. 6:15க்கு விமானம், விமான நிலையத்துக்குச் சுமார் 6 மைல் முன்னால், மரங்களையும் வீடுகளையும் இடித்துக்கொண்டு விழுந்தது.

பதிவின் எழுத்து வடிவத்தில் இந்த உரையாடல்கள் எதிலும் அதட்டல் இல்லை. யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. மரியாதையான, நிதானமான அறை. இப்படிப்பட்ட குழுவுக்குத் 'தொடர்பில் பிரச்சினை' என்று எந்த மேலாளரும் சொல்லியிருக்க மாட்டார். சண்டை இல்லாத இடத்தில் பேச்சு நன்றாக இருக்கிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அந்த எண்ணத்தை உடைப்பதற்காகவே இந்த நிகழ்வைப் பாடமாக வைக்கலாம்.

விசாரணை என்ன சொன்னது

1979இல் வந்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை, எரிபொருளைக் கவனிக்காததும் உடன் இருந்தவர்கள் சொன்னதற்கு ஏற்ப நடக்காததும் கேப்டனின் தவறு என்றது. அதோடு நிற்கவில்லை. மற்ற இருவரும் நிலைமையின் தீவிரத்தை முழுதாக உணரவில்லை, அல்லது தங்கள் கவலையைக் கேப்டனுக்குப் புரியும்படி சொல்லவில்லை என்றும் எழுதியது. பரிந்துரையும் இரண்டு பக்கமாகவே வந்தது: எல்லோரையும் கலந்து முடிவெடுக்கும் முறையில் கேப்டன்களுக்குப் பயிற்சி, அழுத்திச் சொல்வதில் மற்றவர்களுக்குப் பயிற்சி.

இதற்கு இரண்டு வருடம் முன்பு, 1977 மார்ச் 27 அன்று, டெனெரிஃப் தீவின் ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்திருந்தார்கள். மூடுபனியில் டச்சு நிறுவனமான கேஎல்எம்மின் விமானம் கிளம்பி ஓடும்போது, எதிரில் இருக்கும் பான் ஆம் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று கேஎல்எம் இன்ஜினியர் சந்தேகம் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் உறுதியாகச் சொன்னார். அவர் அந்த நிறுவனத்தில் விமானிகளுக்கே பயிற்சி தரும் மூத்தவர். அதற்கு மேல் இன்ஜினியர் வாய் திறக்கவில்லை.

1979 ஜூனில் நாசா கூட்டிய ஒரு பயிலரங்கில் விமான நிறுவனங்களும் உளவியலாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பல விபத்துகளுக்குக் காரணம் ஓட்டத் தெரியாதது இல்லை. பேச்சு, தலைமை, முடிவெடுத்தல் ஆகியவற்றில் விழுந்த ஓட்டைகள் என்ற எண்ணம் அங்கே வலுத்தது. இப்படிப் பிறந்த பயிற்சிதான் க்ரூ ரிசோர்ஸ் மேனேஜ்மென்ட், சுருக்கமாக சிஆர்எம், என்ற பெயரில் இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அதை முழு அளவில் முதலில் நடத்திய விமான நிறுவனம், அடிபட்ட யுனைடெட் ஏர்லைன்ஸ்தான். ஆண்டு 1981.

முதல் வகுப்புகளும் முணுமுணுப்பும்

முதல் வடிவம் கம்பெனி மேலாளர்களுக்கு நடத்தும் பயிற்சியை அடியொற்றி இருந்தது. ராபர்ட் பிளேக், ஜேன் மூட்டன் என்ற இருவரின் மேலாண்மைக் கட்டம் அந்தக் காலத்தில் பெருநிறுவனங்களில் பிரபலம். உங்களுக்கு வேலை முக்கியமா, மனிதர்கள் முக்கியமா, இரண்டும் எந்த அளவில் என்று கட்டத்தில் உங்களையே குறித்துக்கொள்ள வேண்டும். விமானிகள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் பாணியைத் தாங்களே மதிப்பிட்டார்கள், அடுத்தவர் தன்னைப் பற்றிச் சொல்வதையும் கேட்டார்கள். அந்தக் காலத்து வகுப்புகளில், நிலவில் தொலைந்துபோனால் எந்தப் பொருளை எடுத்துக்கொள்வீர்கள் என்பது மாதிரி விளையாட்டுகளும் இருந்தன.

விமானிகளில் ஒரு பகுதியினருக்கு இது பிடிக்கவில்லை. மரியாதை பழக்கும் பள்ளிக்கூடம் என்று கிண்டல் செய்தார்கள், எங்கள் குணத்தை மாற்றப் பார்க்கிறீர்கள் என்று கோபப்பட்டார்கள். என் கருத்தில் அவர்கள் கோபத்தில் பாதி நியாயம் இருந்தது. இருபது வருடம் விமானம் ஓட்டியவரிடம் போய் உன் ஆளுமை சரியில்லை என்றால் யார் கேட்பார்? நிலவில் தொலைவதற்கும் போர்ட்லேண்டில் எரிபொருள் தீர்வதற்கும் என்ன சம்பந்தம்?

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஹெல்ம்ரைக் இந்தப் பயிற்சிகளைப் பல வருடம் அளந்து பார்த்த உளவியலாளர். பெரும்பாலோரின் மனப்பான்மை நல்ல திசையில் நகர்ந்ததை அவர் குழு பதிவு செய்தது. கூடவே சங்கடமான இன்னொன்றையும் பதிவு செய்தது: சிலர் வகுப்புக்கு வந்ததைவிட மோசமான மனநிலையோடு திரும்பிப் போனார்கள். மாறியவர்களிடமும் அந்த மாற்றம், தொடர் பயிற்சி இல்லாவிட்டால், நாளாக ஆகத் தேய்ந்தது. ஒரு நாள் வகுப்பு வைத்து, சான்றிதழ் கொடுத்து, குழுப் படம் எடுத்து முடிக்கும் நம் ஊர்ப் பயிற்சிகளை நினைத்துக்கொண்டே இந்த இடத்தைப் படித்தேன்.

சிமுலேட்டருக்குள் போன பிறகு

பயிற்சிக்கு உயிர் வந்தது குணத்தை விட்டுவிட்டு வேலையைப் பிடித்தபோது. யுனைடெட் திட்டத்தில் வகுப்போடு சேர்த்து ஆண்டுதோறும் சிமுலேட்டர் பயணமும், அதாவது தரையில் இருக்கும் மாதிரிக் காக்பிட்டில் ஒரு பயணமும், இருந்தது. முழுக் குழுவும் உட்கார்ந்து, கிளம்புவதிலிருந்து இறங்குவது வரை நிஜப் பயணம் போலவே ஓட்டும். நடுவில் ஒரு கோளாறு வரும். பயிற்சியாளர் குறுக்கிட மாட்டார். எல்லாம் வீடியோவில் பதிவாகும். முடிந்ததும் குழு அதைப் போட்டுப் பார்க்கும். பாஸ், ஃபெயில் கிடையாது.

தான் ஒருவரைப் பேச விடாமல் வெட்டியதை ஒரு கேப்டன் திரையில் தானே பார்ப்பதற்கும், பயிற்சியாளர் வந்து 'நீங்கள் வெட்டுகிறீர்கள்' என்று சொல்வதற்கும் நிறைய தூரம். முதலாவதோடு வாதாட முடியாது.

அழுத்திச் சொல்லும் முறைக்கும் காலப்போக்கில் ஒரு வடிவம் கிடைத்தது. முதலில் ஆளைக் கூப்பிட வேண்டும்: 'கேப்டன்'. பிறகு, எனக்குக் கவலையாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு என்ன பிரச்சினை என்று: '15 நிமிடம் சுற்றினால் ஓடுபாதை வரை எரிபொருள் வராது.' பிறகு என்ன செய்யலாம் என்று: 'இப்போதே திரும்பி இறங்குவோம்.' கடைசியில்: 'சரிதானே?'

அந்தக் கடைசி 'சரிதானே'யில்தான் வேலை இருக்கிறது. அது வந்துவிட்டால் எதிரில் இருப்பவர் ஏதாவது ஒரு பதில் சொல்லியே ஆக வேண்டும். போர்ட்லேண்ட் பதிவில் எரிபொருள் அளவு இருக்கிறது, கவலையும் இருக்கிறது. இந்தக் கேள்வி மட்டும் இல்லை. கீழே இருப்பவர்கள் பொதுவாக ஜாடையாகத்தான் சொல்வார்கள். மேலே இருப்பவர் நேரடியாகக் கட்டளையிடுவார். பின்னாளில் விமானிகளை வைத்து நடந்த மொழி ஆய்வுகளிலும் இந்த வித்தியாசம் தெரிந்தது. சார் மூடு பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நாம் சொல்வது ஏதோ நமக்கே உரிய பழக்கம் என்று நினைக்க வேண்டியதில்லை.

கேட்கும் பக்கத்துக்கான பயிற்சி பெரும்பாலும் பயணத்துக்கு முன்னால் நடக்கும் பிரீஃபிங்கில் கட்டப்பட்டது. இதை நான் முக்கியமாகக் கருதுகிறேன், ஏனென்றால் பெரிய விமான நிறுவனங்களில் ஒரு குழுவில் இருப்பவர்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தித்திருப்பார்கள். நட்பு வளர நேரமே கிடையாது. உறவு என்பது முதல் சில நிமிடங்களில், கேப்டன் வாயைத் திறக்கும் விதத்தில் உருவாக வேண்டும். நான் எதையாவது விட்டால் உடனே சொல்லுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லும் கேப்டனின் குழு வேறு மாதிரி வேலை செய்கிறது என்று இந்த முதல் சந்திப்புகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். நம் அலுவலகங்கள் உறவை வளர்க்கக் குற்றாலத்துக்கு டூர் கூட்டிப் போகின்றன. அது தப்பில்லை, ஆனால் திங்கட்கிழமை மீட்டிங்கில் யார் முதலில் பேசுகிறார் என்பதை அது தொடுவதே இல்லை.

கதவுக்கு அந்தப் பக்கம்

காக்பிட்டுக்குள் பேச்சு திருந்தினாலும் கதவுக்கு வெளியே இருந்தவர்கள் கணக்கில் வரவில்லை. 1989இல் இரண்டு விபத்துகள் இதைக் காட்டின. ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே, இடது இன்ஜின் பழுதான விமானத்தில் விமானிகள் தவறுதலாக வலது இன்ஜினை அணைத்தார்கள். வலது இன்ஜினில் கோளாறு என்ற கேப்டனின் அறிவிப்பைக் கேட்ட பயணிகள் சிலர் இடது பக்கம் தீப்பொறியைப் பார்த்திருந்தார்கள். பணிக்குழுவினரும் பார்த்திருந்தார்கள். காக்பிட்டுக்குள் போய்ச் சொன்னவர் யாரும் இல்லை. 47 பேர் இறந்தார்கள். மார்ச்சில் கனடாவின் டிரைடனில் இறக்கைமேல் பனி படிந்திருந்ததைப் பார்த்த பணிப்பெண் விமானிகளிடம் சொல்லவில்லை. இப்படிப்பட்ட விஷயங்களை நாங்கள் சொல்வதை விமானிகள் விரும்புவதில்லை என்று விசாரணையில் சாட்சி சொன்னார். 24 பேர் இறந்தார்கள். 1990களில் விமானிகளையும் பணிக்குழுவினரையும் ஒரே வகுப்பில் உட்காரவைக்கும் வழக்கம் பரவியது.

டென்வரிலிருந்து இன்னொரு விமானம்

1989 ஜூலை 19. அதே யுனைடெட் ஏர்லைன்ஸ், இந்த முறை 232ஆம் எண், டிசி-10 ரகம். டென்வரிலிருந்து சிகாகோவுக்குப் போகிறது. உள்ளே 296 பேர். வால் பகுதி இன்ஜினின் விசிறிச் சக்கரம் வெடித்துச் சிதறியதில் திரவ அழுத்தத்தால் விமானத்தின் கட்டுப்பாட்டுப் பாகங்களை அசைக்கும் மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒன்றாகச் செத்தன. விமானத்தைத் திருப்பவோ ஏற்றவோ இறக்கவோ எந்தக் கருவியும் இல்லை. இதற்குக் கையேட்டில் பக்கமே கிடையாது. பராமரிப்புப் பிரிவை ரேடியோவில் கேட்டால், மூன்றும் போய்விட்டது என்பதை நம்பவே அவர்களுக்கு நேரம் பிடித்தது.

கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ். அந்த விமானத்தில் டென்னி ஃபிட்ச் என்ற பயிற்சி விமானி பயணியாக உட்கார்ந்திருந்தார். உதவ முடியும் என்று பணிப்பெண் மூலம் சொல்லி அனுப்பினார். வரச் சொல்லுங்கள் என்றார் ஹெய்ன்ஸ். வந்தவரிடம் மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகநெம்புகோல்களை ஒப்படைத்தார். ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் குறைத்து விமானத்தைத் திருப்புவதுதான் இருந்த ஒரே வழி. முன்பின் தெரியாத இருவர் அந்தப் பதற்றத்துக்கு நடுவே பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொண்டது குரல் பதிவில் இருக்கிறது. கேப்டன், துணை விமானி, இன்ஜினியர், ஃபிட்ச் என நான்கு பேரும் யோசனைகளைப் போட்டபடியே 44 நிமிடம் அந்த விமானத்தை வானில் வைத்திருந்து, அயோவாவின் சூ சிட்டி ஓடுபாதை வரை கொண்டுவந்தார்கள். விமானம் இறங்கும்போது உருண்டு தீப்பிடித்தது. 112 பேர் இறந்தார்கள். 184 பேர் பிழைத்தார்கள். பிறகு சிமுலேட்டரில் இதே நிலையை வைத்துப் பார்த்தபோது மற்ற விமானிகளால் பத்திரமாக இறக்க முடியவில்லை.

1991இல் நாசாவில் ஆற்றிய உரையில் ஹெய்ன்ஸ், 1980 வரை கேப்டன் சொன்னதே சட்டம் என்று நாங்கள் வேலை பார்த்தோம், அதனால் சில விமானங்களை இழந்தோம் என்ற பொருளில் பேசினார். அன்று காக்பிட்டில் நான்கு பேரிடமும் சேர்த்து 103 வருட அனுபவம் இருந்தது, நான் ஒருவன் மட்டும் முடிவெடுத்திருந்தால் வந்து சேர்ந்திருக்க மாட்டோம் என்றார். பிழைத்ததற்கு ஐந்து காரணங்களும் சொன்னார். அதில் முதலாவது அதிர்ஷ்டம். பகல் வெளிச்சம், மருத்துவமனைகளில் ஷிஃப்ட் மாறும் நேரம் என்று பல கூடிவந்தன. பயிற்சிக்கு முழுப் புகழையும் கொடுக்காமல் அவர் அப்படிச் சொன்னதால் அவர் பேச்சை நான் அதிகம் நம்புகிறேன்.

இது நிரூபணமா?

கறாராகப் பார்த்தால் இல்லை. விபத்துகள் மிக அரிது; அந்த எண்ணிக்கையை வைத்துப் பயிற்சியின் பலனைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. அதே வருடங்களில் எச்சரிக்கைக் கருவிகளும் இன்ஜின்களும் மேம்பட்டன. அளக்க முடிந்தது மனப்பான்மையையும் சிமுலேட்டர் நடத்தையையும்தான். அவை மாறின. தொடர்ந்து பயிற்சி கொடுத்த இடத்தில் மாறி நின்றன.

மேலதிகாரிக்கு எதிரே வாய் திறக்காதது ஆசியர்களின் நோய் என்று, 1997இல் குவாமில் நடந்த கொரியன் ஏர் விபத்தைக் காட்டிப் பேசுபவர்கள் உண்டு. போர்ட்லேண்டில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள், டெனெரிஃபில் தவறு செய்தவர்கள் டச்சுக்காரர்கள். பதவி இருக்கும் இடத்தில் எல்லாம் இது இருக்கிறது.

நம் நாட்டுக்கும் இதில் கசப்பான பங்கு உண்டு. 2010 மே 22 அன்று மங்களூரில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் போய் 158 பேர் இறந்தார்கள். மறுபடி மேலே ஏறிவிடலாம் என்று துணை விமானி மூன்று முறை சொல்லியும் கேப்டன் கேட்கவில்லை என்றது விசாரணை. 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம். 21 பேர் இறந்தார்கள். துணை விமானிக்கு ஆபத்து தெரிந்திருந்தும், காக்பிட்டில் இருந்த அதிகார ஏற்றத்தாழ்வால் அவர் கட்டுப்பாட்டைக் கையில் எடுக்கவில்லை என்று விசாரணை அறிக்கை எழுதியது. இரண்டு காலத்திலும் சிஆர்எம் பயிற்சி நம் விமானிகளுக்குக் கட்டாயமாகத்தான் இருந்தது. மங்களூர்த் துணை விமானி வாய் திறக்காமலும் இல்லை. மூன்று முறை சொன்னார்.

அதனால் ஓர் அலுவலகம் இந்தப் பயிற்சியை வாங்க நினைத்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, வகுப்பில் யார் உட்காரப் போகிறார்கள் என்பது. தைரியமாகப் பேசுங்கள் என்று இளையவர்களுக்கு மட்டும் வகுப்பு எடுப்பது மலிவு, அதனால்தான் அது பரவலாக நடக்கிறது. யுனைடெட் தன் கேப்டன்களையும் அதே வகுப்பில், அதே வீடியோ முன்னால் உட்காரவைத்தது. பொது விளையாட்டுகளுக்குப் பதிலாக அந்த அலுவலகத்தில் நிஜமாக நடந்த ஒரு மீட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கெடு தவறிய ஒரு புராஜெக்ட், வாடிக்கையாளர் விலகிப்போன ஒரு சம்பவம். அதில் யாருக்கு எப்போது தெரியும், யாரிடம் எந்தச் சொல்லில் சொன்னார், என்ன பதில் வந்தது என்று மின்னஞ்சலும் குறிப்பும் வைத்து வரிசையாக எழுதுங்கள். மதிப்பெண் போடாதீர்கள், சம்பள உயர்வோடு முடிச்சுப் போடாதீர்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய்யுங்கள். மேலாளருக்கு அன்று நேரமில்லை என்றால் வகுப்பை அவருக்கு வசதியான தேதிக்குத் தள்ளிவையுங்கள். அவர் இல்லாமல் நடத்த வேண்டாம்.